ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடிக் கோடு

பாலித்தீன் உறைக்குள் மடித்து
மடியில் வைத்திருக்கிறேன் படத்தை.
அணைக்கு அறுபது வருஷம் முந்தியது.
பரிசல் சுற்றச் சுற்ற
வடக்கைத் தவறவிடாமல் திருப்பிக்கொண்டே வருகிறேன்.

அதில் சின்னாறு
விட்டு விட்டு இழுத்த நீலம்.
வருஷத்தில் முந்நூறு நாள் மணல் என்பதைப்
பேனாவைத் தூக்கித் தூக்கிச் சொல்லியிருக்கிறார்
அளந்தவர்.
மற்றதெல்லாம் பழுப்பு.
மொரம்பு மேடு, கொள்ளுக் கொல்லை,
"கிணறு, உவர்",
"பாலக்கோடு 7 மைல்" என்று
ஓரத்தில் அறுந்துபோகும் வண்டித்தடம்.
மூலையில் 1914–15 என்று மட்டும் இருக்கிறது.
வெயிலைப் பற்றி ஒன்றுமில்லை.

நீரைக் காணாத அந்தச் சீமையில்
நீர் நின்று வற்றி, நின்று வற்றிக்
கறை விட்ட மாதிரி
ஐம்பது அடிக்கு ஒன்றாய்ச் சுற்றி வரும் கோடுகள்.
உயரத்தைத்தான் வரைந்தார்.
ஒவ்வொன்றும் ஒரு கரை என்று
அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைப் பிடித்து
எங்கள் துறை அணை கட்டியது.
இன்று அந்தக் கோட்டில்
நாரைகள் நிற்கின்றன.

"இப்ப எங்க இருக்கோம் மேடம்?"
துடுப்பை அக்குளில் செருகிக்கொண்டு
கேட்டார் சென்றாயன்.
"ஒரு புளியமரத்துக்கு மேல."

மரத்துக்குக் குறி இருக்கிறது, பச்சையில்.
பக்கத்தில் ஏழு கறுப்புப் புள்ளி.
பெயர் இல்லை.
மேற்கே அரை மைலில் மொரம்பட்டிக்குப் பெயர் இருக்கிறது,
கோயில் இருக்கிறது,
நஷ்டஈட்டுப் பதிவேட்டில்
நாற்பத்தியொரு பக்கம் இருக்கிறது.

அவர் எட்டிப் பார்த்தார். பரிசல் சாய்ந்தது.
"ஏழா?
எட்டுங்க.
எங்க வூடு மரத்தடியில.
மலை மேல நின்னு பாத்தா
மரந்தான் தெரியும்."
கூட்டலில் விட்டுப்போனதைச் சொல்லும்
மளிகைக் கடைக்காரர் குரல்.
பிறகு துடுப்பைத் துடைத்தார்.

நான் வந்தது வண்டல் கணக்குக்கு.
படிவத்தில் இரண்டே கட்டம்: இடம், ஆழம்.
ஈயக்குண்டை விட்டேன்.
முடிச்சு முடிச்சாக என் கையைக் கடந்தது கயிறு.
ஒன்பது. பத்து. பதினொன்றரை மீட்டர்.
மரம் தட்டவில்லை,
எப்போதோ வெட்டி ஏலம் விட்டிருப்பார்கள்.
சேறு பிடித்தது.
இழுத்தேன்.
கொஞ்ச நேரம் விடவில்லை.