அடிப்பலகை

பெட்டியில் எல்லாம் இருந்தது.
நான்கு வால்வு, மூன்று டிரான்ஸ்பார்மர்,
பொட்டலம் பொட்டலமாய் ரெசிஸ்டர்,
'அவசரப்பட வேண்டாம்' என்று தொடங்கும் ஒரு தாள்.
அடிப்பலகையும் இருந்தது:
அழுத்திய மரத்தூள்,
மேலே தேக்கின் படம் ஒட்டியது.

அரவேணுவில் ஆடி மாதம்
சுவர் வியர்க்கும்.
உப்பு ஜாடிக்குள் குளம்.
மூன்றாவது வாரம் பலகை,
டீயில் நனைத்து எடுக்க மறந்த பிஸ்கட்டாய்
ஓரம் உப்பி
நாலு கிலோ டிரான்ஸ்பார்மருக்குக் கீழே
மெல்லக் குழிந்தது.
போதாததற்கு
பாட்டுக்கு அடியில் ஒரு 'ம்ம்ம்'.
நாம் பேசப் பேச
வேறெங்கோ பார்த்திருக்கும் ஆளின் 'ம்ம்ம்'.

ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நின்றால்
டிரான்ஸ்பார்மர்கள் இப்படித்தான் முனகும்.
ஒன்றைக் குறுக்கே திருப்பி
நாலு விரல் தள்ளி வைக்கலாம்.
தள்ள இடம்?

அந்த வாரம்தான் எங்கள் வளைவில்
சைப்ரஸ் சாய்ந்தது,
மூன்று கம்பங்களையும் இழுத்துக்கொண்டு.
நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
ஊர் முழுக்க என் நம்பர்.
'கரண்ட் எப்ப வரும் மேடம்?'
நாற்பத்தொரு பேர்.
நாற்பத்திரண்டாவதாக நானே போய்க் கேட்டேன்.
போஜராஜ் மரத்தின்மேல் நின்று
வாளை நிறுத்தினான்.
'கரண்ட் கெடக்கட்டும்.
ஒங்களுக்கு எவ்ளோ நீளம் வேணும்?'

ஒன்றரை அடி. கணக்கில் வராத துண்டு.

'பச்சை மரம்' என்றார் ஜெர்வாஸ்,
மர டிப்போவில் முகர்ந்து பார்த்தே.
பலகையாய் அறுத்துக் கொடுத்தார்,
கூலி வாங்கவில்லை,
சாபம் மட்டும் கொடுத்தார்:
'ஒரு வருஷம் காயப்போடு.
இல்லேன்னா வெடிக்கும், என்னைக் கேக்காதே.'

ஒரு வருஷம்!
எனக்கிருந்தது ஞாயிற்றுக்கிழமை.

மெழுகுவத்தி இரண்டு, கைரம்பம், உளி.
தாளில் எண்பத்தாறு மில்லிமீட்டர்.
நான் வெட்டியது எண்பத்தெட்டு.
நாள் முழுக்க அடுத்தவர் மீட்டரைத் தப்பில்லாமல் படிக்கிற கண்.
பழைய சைக்கிள் டியூபைக் கீறி
அந்த இரண்டு மில்லியில் திணித்தேன்.
டிரான்ஸ்பார்மர் அதில்
மெத்தையில் படுத்ததுபோல் உட்கார்ந்தது.
தப்பு என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வேலை முடிந்தது.
கேட்கத்தான் கரண்ட் இல்லை.
கரண்டை அறுத்த மரமே
மேஜைமேல் இருந்தது,
நான்கு இருண்ட வால்வுகளைச் சுமந்துகொண்டு,
ஒன்றும் தெரியாத முகத்தோடு.

ஐந்தாம் நாள் இரவு ஏழு இருபதுக்கு
தெரு மொத்தமும் 'ஓ' என்றது.
எல்லா வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் பேசின.
நான் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி
(உள்ளே முந்நூறு வோல்ட், விளையாட்டில்லை)
சுவிட்சைத் தட்டினேன்.

கங்கு போல நான்கு.
ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன்.
முனகல் போகவில்லை.
தூரத்து டீ ஃபாக்டரி ஒன்று
ராத்திரி ஷிஃப்ட் ஓடுகிற அளவுக்கு மிச்சம்.
வைத்துக்கொண்டேன்.

எதிர்பாராதது வாசனை.
வால்வு சூட்டில் பலகை இளகி
சைப்ரஸ் எழுந்து
அறை முழுக்க நின்றது, கிளையோடு.
பிசின், மழை, அறுத்த அன்றைய டீசல் கொஞ்சம்.
என் அறைக்குள் அந்த வளைவு.

பத்தேகாலுக்கு, வயலின் மெலிந்த இடத்தில்,
'டக்'.

முடி அகலத்தில் ஒரு கோடு,
இடது திருகிலிருந்து சுவரை நோக்கி.
ஜெர்வாஸ் வந்து பார்த்தார்.
'சொன்னேனே' என்று சொல்ல வாயைத் திறந்தவர்
உட்கார்ந்து
ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு
'மறுபக்கம்?' என்றார்.

விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி, தேதி.
இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், தொழில் வழக்கம்:
ஆவணி, நாலு மில்லி.
ஐப்பசி, பதினொன்று.
மார்கழி, பதின்மூன்று.
மாசியில் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன்.
பதின்மூன்றேதான்.
வெள்ளை அட்டையில் எழுதும் அதே கையெழுத்தில்
மரத்தில் எழுதினேன்:
நுகர்வு பூஜ்யம்.

பூட்டிய வீட்டுக்கும் இதையேதான் எழுதுவேன்.
இங்கே ஆள் இருக்கிறது.