காற்றுக்கு மாதத் தவணை

கருகம்பத்தூர் தாண்டி, பாலாற்று மணலுக்கு
முதுகு காட்டிக் கிடக்கும் ஒன்றரை ஏக்கர்.
தார் டிரம், லாரி டயர், மண் அடைத்த சாக்குகள்.
பதினாறு துப்பாக்கி. எல்லாம் சாயம்தான் சுடும்.

தொடங்கியபோது சோடா கேஸ்.
சைதாப்பேட்டையில் கோலி சோடா போடும் சந்தானம்
சிலிண்டரைத் தராசில் நிறுத்தி நிரப்புவார்,
புளி நிறுக்கிற கவனத்தோடு.
கிராம் கூடிவிட்டால் கொஞ்சம் திறந்து விடுவார்,
கடைக்குள் ஒரு நிமிஷம் ஊட்டி.

மார்கழி வரை அது நல்ல பிள்ளை.
சித்திரையில் குணம் மாறிற்று.
ஏழு மணிக்கு வேகமானியில் இருநூற்று எழுபது அடி,
பதினொன்றுக்கு முந்நூற்றுப் பதினைந்து.
அதே துப்பாக்கி, அதே திருகு, அதே விரல்.
நடுவில் ஏறியது வெயில் மட்டும்.
இந்த ஊரில் வெயிலைக் கேட்காமல்
தோசை மாவைக்கூட வெளியே வைக்க மாட்டோம்.
நான் கேஸை வைத்திருந்தேன்.

கல்லூரிப் பையன் ஒருவன் விரலை எடுக்காமல் சுட்டான்.
நாற்பத்தொரு டிகிரியில் குழாய்மேல் வெண்பனி பூத்தது.
திரவம் உள்ளே இறங்கி, ரப்பர் வளையம் விரிந்து,
கிழவன்போல் இருமி நின்றது துப்பாக்கி.
பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தேன்.

வைகாசியில் நர்ஸுகள் எட்டுப் பேர், லீவு நாள்.
பியூலாவின் தோளில் எலுமிச்சை அளவுக்கு ஊதா.
தன் காயத்தைத் தானே அமுக்கிப் பார்த்துவிட்டு
"பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டாள்,
வார்டில் கேட்கிற அதே குரலில்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பங்காளி இம்தியாஸ் சும்மா இருக்காமல்,
"தடுக்கி விழுந்தா ஆக்ஸிஜன் சிலிண்டர்மேலதான் விழணும் இந்த ஊர்ல.
அதையே மாட்டிட்டா?"
பியூலா தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள்.
"எண்ணெய் போட்ட இரும்புலயா?
சுடுற விளையாட்டு சுடுகாட்டுல முடியும்."

ஆக, காற்று. வெறும் காற்று.
மூவாயிரம் பவுண்டு அழுத்தத்தில் அடைத்த
நம் எல்லோருடைய காற்று.
கடலில் முங்குகிறவர்களுக்கு மூச்சு நிரப்பும் மெஷின்,
பாண்டிச்சேரியில், பழையது, இரண்டே முக்கால் லட்சம்.
"உங்க ஊர்ல கடல் எங்க மேடம்?" என்றார் விற்றவர்.
ஆறே இல்லை என்று நான் சொல்லவில்லை.

"காத்துக்கா இவ்வளவு?"
இம்தியாஸ் மணலில் இறங்கி வெகு தூரம் நடந்தான்.
திரும்பி வந்தபோது செருப்பு கையில் இருந்தது.
"போடு," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

உறிஞ்சு குழாயை லாரிப் புகைக்கு எட்டாமல்
விளக்குக் கம்பத்தின் உச்சியில் கட்டினோம்.
கீழ்க்காற்று அடித்தால் நிறுத்திவிட வேண்டும்,
ராணிப்பேட்டைத் தோல் வாசனை
சிலிண்டருக்குள் குடியேறிவிடும்.
சோதனை முத்திரையின் தேதியைச் சுவரில் எழுதினேன்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்.

முதல் நிரப்பலில் சிலிண்டர் சுட்டது.
ஆறட்டும் என்று காத்திருந்தோம்.
உச்சி வெயிலில் டிரம்மைப் பார்த்துச் சுட்டேன்.
இருநூற்று எழுபத்தெட்டு.
எழுபத்தொன்பது.
எழுபத்தெட்டு.
டிரம்மில் மஞ்சள் வழிந்தது.

சந்தானத்திடம் இப்போதும் வாரம் இரண்டு கிரேட்,
குடிப்பதற்கு.
"காத்து ஓசிதானே?" என்று குத்துவார்.
ஓசிதான். அடைக்கத்தான் காசு.
ஐந்தாம் தேதி பேங்க் குறுஞ்செய்தி வரும்வரை
நானும் கொஞ்சம்
அடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.