எட்டுப் புள்ளி எட்டு

நீடாமங்கலம் தாண்டி வெண்ணாற்றுக் கரையில்
ரைஸ் மில்லின் மூன்றாம் கிடங்கு.
சாக்குகள் ஒரு மணி நேரத்தில் எரிந்து தீர்ந்தன.
உமி தீரவில்லை.
மேலே சாம்பல் பூத்து
உள்ளே இரண்டு ராத்திரி
மென்றுகொண்டே கிடந்தது.

நான்காம் நாள் தஞ்சாவூர் பஸ்ஸில் வந்து இறங்கினேன்,
கையில் நம்பர் போட்ட துணிப்பைகளோடு.
வாசலெங்கும் நெற்பொரி.
தீ பொரித்ததை மைனாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"உத்தரம் வளையலைங்க, நூல் பிடிச்சுப் பார்த்தாச்சு.
சுரண்டிட்டுப் பெயின்ட் அடிச்சா போதும்"
என்றார் இன்சூரன்ஸ்காரர்.
கேட்டுக்கு வெளியே குறுவை நெல்லோடு
ஏழு லாரி.
மில்காரர் புஷ்பவனம் வானத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்.

போல்ட்டைக் காட்டச் சொன்னேன்.
ஃபிட்டர் வைரக்கண்ணு ஏணியில் நின்று
கட்டைவிரலால் கரியைத் துடைத்தார்.
தலையில் எழுத்து அழியவில்லை: 8.8.
பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.
அதுதான் தொல்லை.

தீயை அறியாத பொருளல்ல இது.
செக்கச்சிவக்கக் காய்ச்சி
எண்ணெயில் முக்கி எடுத்து
முறைப்பு அடங்க இன்னொரு முறை இளஞ்சூடு காட்டி
அனுப்பிவைத்தார்கள்.
அந்த இரண்டாம் சூடுதான் அதன் எல்லை.
அதற்குக் கீழே எந்தத் தீ வந்தாலும்
ஆறியதும் பழையபடி நிற்கும்.
மேலே போனால்
கற்றதெல்லாம் மறந்துபோகும்,
தலையில் எழுதியிருப்பதைத் தவிர.

கடினம் அளந்தேன்.
தீ எட்டாத ஆபீஸ் அறை போல்ட்: இருநூற்றுத் தொண்ணூறு.
மேற்கே, உமிக்குள் புதைந்து
மெல்ல மெல்ல ஆறியது: நூற்று எழுபத்தெட்டு.
கிழக்கே, சிவந்து கிடந்தபோதே
தீயணைப்பு வண்டியின் தண்ணீர் விழுந்தது:
நானூற்றுப் பத்து.
"ஏறியிருக்கே, நல்லதுதானே?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.
வைஸில் கடித்து ஒரு சுத்தியல் அடி.
சாக்பீஸ் மாதிரி
இரண்டாகப் போனது.

கூரைத் தகடு தாங்கும் மலிவு போல்ட்டுகள்,
நாலு புள்ளி ஆறு,
ஏறக்குறைய அப்படியே இருந்தன.
அவற்றுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை,
மறக்கவும் ஒன்றுமில்லை.
"நம்ம ஜாடை" என்று
வைரக்கண்ணு தன் நெஞ்சைத் தொட்டுச் சிரித்தார்.

இன்சூரன்ஸ்காரர் விடவில்லை.
மேற்குத் தூணில் ஒன்றை முறுக்கிக் காட்டச் சொன்னார்.
வைரக்கண்ணு டார்க் ஸ்பேனரை மாட்டினார்.
போன தை மாதம் இதே இணைப்பில்
'டக்' என்று கேட்ட பிறகுதான் கையை எடுத்தவர்.
கால் சுற்று.
அரைச் சுற்று.
போல்ட் மறுக்கவில்லை,
பிடிக்கவும் இல்லை,
வெல்லப்பாகு போல வழிவிட்டுக்கொண்டே இருந்தது.
எல்லோரும் அந்த 'டக்'குக்காகக்
காது கொடுத்து நின்றோம்.
மைனாக்கள் மட்டும் சத்தம் போட்டன.

எல்லா இணைப்பையும் மாற்ற வேண்டும் என்று
ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டேன்.
புஷ்பவனம் அதை மூன்று தடவை படித்துவிட்டு
லாரிக்காரர்களிடம் நடந்தார்.
முதல் லாரி பின்வாங்கித் திரும்பியபோது
தார்ப்பாயின் மேல்
தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள்
என் பையை மோந்து பார்த்துக் கேட்டாள்:
"பொரியாம்மா? எந்தக் கோயில்ல?"