அரை நொடி

வார்டோவில் காலை பதினொன்று; தெருவிளக்கு எரிகிறது.
லோட்வாரில் மதியம் ஒன்று; வெயிலுக்கு
யாரோ ஜன்னலில் கோணி கட்டியிருக்கிறார்கள்.

ஆசிரியை தந்த தாளில் ஏழாவது கேள்வி:
உங்கள் ஊரில் என்ன தொழில்?
மீன், என்றாள் சுன்னீவா.
மீன்தான், என்றான் எக்காய். ஏரி மீன்.
அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை.

அவன்தான் முஷ்டியைத் தூக்கினான்.
கல், தாள், கத்தரி.
அவன் கை அரை நொடி பிந்தி வந்து ஜெயித்தது.
கள்ளாட்டம், என்று கத்தினாள்.
அடுத்ததில் அவன் தோற்றான்,
அவன் கத்தியதும் அதே சொல்லாகத்தான் இருக்கும்:
அவன் திரையில்
பிந்துவது அவள் கை.

நாலுக்கு நாலு.
கடைசி ஆட்டத்தில் அங்கே மின்சாரம் போயிற்று.
திரையில் உறைந்த கை,
விரல்கள் பாதி பிரிந்து:
கல்லும் இல்லை, தாளும் இல்லை.

மணி அடித்துவிட்டது.
இரண்டு விரல்களை
இன்னும் மடக்கவில்லை சுன்னீவா.