வெற்று வண்டியின் எடை

வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு.
டெல்ஃபா ராஸ்னிக்,
தென்மேற்கு வர்ஜீனியா, நிலக்கரி மாவட்டம்.
தேர்வு மதிப்பெண் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு.

அனுப்பினால் அனுப்பலாம், விட்டால் விடலாம் என்று
நாங்கள்தான் விதியைத் தளர்த்தியிருந்தோம்.
இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லது என்று
கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
இப்போதும் சொல்வேன், கெட்ட எண்ணமில்லை.

அந்த ஜனவரியில் எனக்குத் தொள்ளாயிரம் கோப்புகள்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே வெர்மான்ட் பனி,
மேசையில் ஆறிப்போன சூப்.
டெல்ஃபாவின் கட்டுரை ஒன்றரைப் பக்கம்:
அம்மாவுக்குச் சுரங்க வாசலில் எடைமேடை வேலை.
லாரி நிறைந்து வரும்போது ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
'வெற்று வண்டியை எடைபோடாமல்
யாருக்கும் கூலி எழுதமாட்டாள்.'
அவ்வளவுதான்.
கண்ணீர் இல்லை, கடைசிப் பத்தியில் ஞானோதயம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: தட்டையான நடை.

அடுத்த கோப்பு வின்த்ரப் லுன்ட், கனெக்டிகட்.
பாய்மரப் படகு, புயல், தோல்வியின் அழகு.
காற்புள்ளிகள்கூடப் பயிற்சி பெற்றிருந்தன.
ஆயிரத்து நானூற்று எழுபது.
அது நான்காவது முயற்சி என்பதும்
மணிக்கு முந்நூறு டாலர் ஆசிரியர் என்பதும்
கோப்பில் இல்லை.
முதலாண்டில் எங்கள் அலுவலகத்தில்
உறை ஒட்ட வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்.
நல்ல பையன். ஓரம் பிசகாமல் ஒட்டுவான்.

மூன்று வருடம் கழித்து ஓர் ஆய்வு.
அனுப்பாதவர்களின் எண்களையும்
தேர்வு நிறுவனத்திடம் கேட்டு வாங்கினோம்.
நானூற்றுப் பன்னிரண்டு:
ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
ஒரே முயற்சி.
அவள் பள்ளியின் சராசரி தொள்ளாயிரத்து முப்பது.

எங்கள் இணையதளத்தில் எங்கள் சராசரி
பெரிய எழுத்தில் இருந்தது.
பார்த்திருப்பாள். கழித்திருப்பாள்.
அறுபது குறைகிறது என்று
ஓட்டை விழுந்த காலுறையைப் போல
ஷூவுக்குள் மறைத்திருப்பாள்.
அந்த எண்ணை மட்டும் காட்டியிருந்தால்
கதவைத் திறந்துகொண்டு நானே ஓடியிருப்பேன்.

'எண் பொய் சொல்லாது, பார்த்தாயா'
என்றான் பக்கத்து மேசை ஹோல்கர்.
சொல்லாது.
கேட்காததைத் தானாகச் சொல்லவும் சொல்லாது.
வின்த்ரப்பின் எண்ணில்
நிலக்கரி எவ்வளவு, லாரி எவ்வளவு?
எங்களிடம் மேடை இருந்தது.
ஒரு தடவைதான் ஏற்றினோம்.

ஹோல்கர் காபிக்குப் போனபின்
அந்தப் பள்ளிக்குத் தொலைபேசினேன்.
முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு
ஒரே ஆலோசகர், இருமல்காரர்.
'ராஸ்னிக் பெண்ணா?
பக்கத்து ஊரில் எக்ஸ்ரே படித்தாள்.
மலை மருத்துவமனையில் இருக்கிறாள், கெட்டிக்காரி.
போன மாதம் என் நெஞ்சை அவள்தான் எடுத்தாள்.
ஏன், ஏதாவது தவறா?'

இல்லை, என்றேன்.
ஒரு பழைய கணக்கைச் சரிபார்க்கிறோம்.