மனசில் ஒன்று

லூனன்பர்க். மீன் ஏற்றுமதி அலுவலகம்.
கணக்கு நிரல் திறக்க மறுத்தது:
நினைவகம் போதவில்லை.

வெர்னா ஸ்விக்கர் இறக்கினாள்,
கடைசியாய் ஏறியது முதலில்:
கடிகாரம், தொலைபேசிப் பட்டியல்.
நடுப்பெட்டியை உருவினால்
காட் மீன் அடுக்கு சரியும்;
இங்கே திரை உறையும்.

அடியில் ஒன்று. பதினோரு கிலோபைட்.
பெயரில்லை.

நான்கு மணிக்கு
ஹாடக் விலைகளின் மேல்
நீலச் சதுரமொன்று குதித்தது:
ஆரன், சொட்டு மருந்து. இடது கண்.

ஆரன் மார்ச்சிலேயே போய்விட்டான்,
ஹாலிஃபாக்ஸுக்கோ எங்கேயோ,
இழுப்பறையில் ஒற்றைக் கையுறையை விட்டுவிட்டு.

எஸ்கேப் தட்டினாள்.
மறைத்த எழுத்துகளையெல்லாம்
ஒன்று குறையாமல் திருப்பித் தந்துவிட்டு
அடங்கியது அது.

இன்னும் எட்டு கிலோபைட் வேண்டும்.
கால்குலேட்டரை இறக்கினாள், அதோடு நிறுத்தினாள்.
உறையின் முதுகில் பென்சில்:
ஒன்பதும் எட்டும் பதினேழு,
ஏழு போட்டு
மனசில் ஒன்று.