நான்காம் வரி

துலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
கடைக்குள் நுழைபவர்கள்
மூக்குக் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துவிட்டுத்தான்
என்னைப் பார்ப்பார்கள்.
லீலண்ட் ஓயா துடைக்கவில்லை.
மங்கலோடே நின்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
நான்கு பிளாஸ்டிக் வில்லைகளை மேஜையில் வைத்தார்.
வெள்ளி டாலர்கள். அப்பாவுடையவை.
என்ன விலைக்குப் போகும்?

எல்லோரும் முதலில் நாணயத்தைப் பார்ப்பார்கள்.
நான் சீட்டைப் பார்ப்பேன்.
ஆண்டு, தரம், அதற்குக் கீழே
எறும்பு ஊர்ந்ததுபோல் ஏழு இலக்கம்,
ஒரு சின்னக் கோடு,
பிறகு மூன்று இலக்கம்.

கோட்டுக்கு முன்னால் இருப்பது
நாணயத்தின் பெயர் என்று நினைப்பார்கள். இல்லை.
அது வந்து சேர்ந்த பொட்டலத்தின் பெயர்.
யாரோ ஒரு மாலையில் படிவம் நிரப்பி,
பஞ்சு சுற்றி, ஒட்டி,
தரம் பார்க்கச் சொல்லி அனுப்பிய ஒரே பொட்டலம்.
கோட்டுக்குப் பின்னால் இருப்பது
அந்தப் படிவத்தில் எத்தனையாவது வரி என்பது.
விலை அதில் இல்லை.
அனுப்பியவர் யாரென்பதும் இல்லை.
எதற்குப் பக்கத்தில் எது இருந்தது, அவ்வளவுதான்.

001. 002. 003.
005.

"நாலாவது எங்கே?"
"நாலுதான் இருந்தது" என்றார்.
அவர் எண்ணிக்கை சொன்னார்.
நான் வரிசை கேட்டேன்.

பதிவேட்டில் தட்டிப் பார்த்தோம்.
இருந்தது. படத்தோடு.
1887, தரம் 58.
"மத்ததெல்லாம் அறுபத்துமூணு, அறுபத்துநாலு.
இது மட்டம், இல்லையா?"

மட்டமில்லை, கைபட்டது.
கன்னத்து மேட்டில், காதுக்கு மேலே கூந்தலில்
பளபளப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது பாருங்கள்.
யாரோ சில காலம் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.
"தாதுக் கப்பலில் வேலை அவருக்கு.
கை எப்பவும் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும்,
எதையோ உருட்டிக்கிட்டு.
சாவின்னு நினைச்சோம்."

நான் சொல்லாதது இது:
போன மே மாதம், மழை,
பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள்.
கண்ணாடியில் துளிகள். துடைக்கவில்லை.
கையில் அந்த 1887.
விற்க வரவில்லை. இந்த எண்ணுக்கு என்ன பொருள்,
அது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள்.
இதே கதையைத்தான் அவளிடமும் சொன்னேன்:
பொட்டலம், கோடு, வரி.
"அப்போ எனக்கு முன்னாடி மூணு பேர்" என்றாள்.
பேர் என்றுதான் சொன்னாள்.
"பின்னாடி?"
தெரியாது என்றேன். எண் அதைச் சொல்லாது.
எந்த வரியோடு கை நின்றது என்று
எந்த வில்லையிலும் அச்சடிப்பதில்லை.

"இப்ப அது யாருகிட்ட இருக்கும்?"
லீலண்ட் கேட்டார்.
வருகிறவர் பெயரை இன்னொருவருக்குச் சொல்வதில்லை,
இது கடையின் பழைய விதி,
நானே போட்டது.
யாரிடமாவது இருக்கலாம் என்றேன்.
வில்லையை உடைத்து நாணயத்தை எடுத்திருக்கவும் கூடும்.
அப்போதும் அந்த எண் சாகாது;
உள்ளே யாருமில்லாமல் பதிவேட்டில் வாழ்ந்துகொண்டிருக்கும்.
தேவையில்லாமல் பேசினேன்.

அவர் விற்கவில்லை.
மூன்றை அடுக்கினார்.
ஒரு கையுறையை மடித்து வைத்தார்.
அதற்கப்புறம் ஐந்தாவதை.
வாசல்வரை போய்த் திரும்பி
ரசீதின் முதுகில் தன் தொலைபேசி எண்ணை எழுதினார்.
"யாராவது வந்தா."

அவருடையது 218-இல் தொடங்குகிறது.
மே மாத நோட்டில் இருப்பது 715.
இரண்டும் இப்போது ஒரே இழுப்பறையில்,
ரப்பர் பேண்டுக்கும் பூதக்கண்ணாடிக்கும் நடுவில்.
இரண்டிலும் நடுவே ஒரு சின்னக் கோடு.

வியாழன் ஆகிவிட்டது.
ஒரு தடவை 715 வரைக்கும் அழுத்தினேன்.
யாரோ ஒரு ஜாடி சில்லறையோடு உள்ளே வந்தார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.